பதினோரு பேர் கம்பெனிக்கும் ஐரோப்பிய ஏஐ சட்டமா?

நிரலன்:
சென்னையில் நாங்கள் பதினோரு பேர், வேலை விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருள் செய்கிறோம். வாங்குகிறவர் ஜெர்மனியில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டத்தில் ஆள் தேர்வு அதிக ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. இடர் மேலாண்மை, தொழில்நுட்ப ஆவணம், ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் சிஇ முத்திரை, அங்கே ஒரு பிரதிநிதி, அப்புறம் ஆவணங்களை 10 ஆண்டு காப்பாற்ற வேண்டும். தவறினால் 1.5 கோடி யூரோ அபராதம். கடையை மூட வேண்டியதுதான்.

மல்லிகா:
அபராதத்தைப் பாதிதான் சொல்கிறீர்கள். 1.5 கோடி யூரோ அல்லது உலக அளவில் ஆண்டு விற்றுமுதலில் 3 சதவீதம். பெரிய நிறுவனத்துக்கு இதில் எது அதிகமோ அது, சிறு நிறுவனத்துக்கு எது குறைவோ அது. அதுவும் உச்சவரம்புதான்.

வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க அமேசான் செய்த கருவி ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பழைய விண்ணப்பங்களை வைத்துப் பழக்கியதால், 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது, கைவிட்டார்கள், 2018இல் செய்தி வந்தது. பழக்கும் தரவில் இப்படிச் சாய்வு இருக்கிறதா பார் என்றுதான் சட்டம் கேட்கிறது.

கரிசல்:
எனக்கு இந்தச் சட்டமே போதவில்லை. ஆள் தேர்வு மென்பொருளை வெளி ஆள் யாரும் சோதிப்பதில்லை, செய்தவரே சரிபார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடலாம்.

நிரலன்:
அந்தக் கையெழுத்துக்கே ஒரு ஆளை மாதக்கணக்கில் எழுத உட்கார வைக்க வேண்டும். சம்பளம் யார் தருவது?

மல்லிகா:
போன வருஷம் இரவு 2.10க்கு ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன், 2.13க்கு நிராகரிப்பு மெயில் வந்துவிட்டது. குழந்தை பிறந்து நான்கு வருஷம் வீட்டில் இருந்தேன், அதுதான் காரணமா என்று கேட்டால் "சிஸ்டம் முடிவு" என்கிறார்கள், அதற்கு மேல் அவர்களுக்கே தெரியவில்லை. ஐரோப்பாவில் விளக்கம் கேட்க உரிமை உண்டு. மென்பொருளை வாங்கியவர் விளக்கம் சொல்ல வேண்டும் என்றால் செய்தவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவான லாக் கையில் இருந்தால் அதைக் குறைந்தது 6 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த எழுத்து வேலையைத்தான் நீங்கள் சுமை என்கிறீர்கள்.

நிரலன்:
நேற்று ஒரே விண்ணப்பத்தை இரண்டு முறை ஓட்டினேன், ஒன்றில் மட்டும் நான்கு வருஷ இடைவெளி விட்டு. 81 வந்தது 64 ஆகிவிட்டது. அப்படிக் குறைக்கச் சொல்லி நாங்கள் யாரும் எழுதவில்லை. இதைச் சரி செய்யாமல் அடுத்த பதிப்பு போகாது. ஆனால் எழுத உட்கார வைக்கும் ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்று நான் கேட்டது அப்படியேதான் நிற்கிறது.