ஆட்டு நுரையீரல்ல வைரஸால கேன்சர் வருதே, உள்ள இன்னா தான் நடக்குது?

புளியந்தோப்பு_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பாவுக்கு கறிக்கடை, நான் பயோடெக் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். குளோனிங் ஆடு டாலிக்கு நுரையீரல்ல கட்டி வந்து 2003-ல ஊசி போட்டு சாகடிச்சாங்க, காரணம் ஜே.எஸ்.ஆர்.வி.ன்ற ரெட்ரோவைரஸ் (தன் ஜீனை செல்லோட டி.என்.ஏ.க்குள்ள சொருகிடுற வைரஸ்)னு க்ளாஸ்ல சொன்னாங்க. ரௌஸ் சார்கோமா வைரஸ்ல கோழிகிட்ட இருந்து தூக்கிட்டு வந்த கேன்சர் ஜீன் இருக்கு, ஆனா இதுல அப்படி எதுவும் இல்லையாம், காக், போல், என்வ்னு எல்லா ரெட்ரோவைரஸ்லயும் இருக்கற ஜீன்கள் தான். அப்புறம் எப்படி கட்டி வருது? ஆட்டுத்தொட்டிக்கு அப்பாகூட போறப்போ வரிசையா நுரையீரல் தொங்கறத பாத்தாலே இதே தான் மண்டைல ஓடுது.

மாதவரம்_அக்கா:
தம்பி, அந்த என்வ் தான்பா கேன்சர் ஜீனே! மேல் உறை புரோட்டீன், செல்லுல ஒட்டி உள்ள போறதுக்கு உதவுறது, அதோட வால் செல் சவ்வுக்கு உள்பக்கம் நீட்டிட்டு இருக்கும், அதுல 590-ஆவது இடத்துல டைரோசின்ற அமினோ அமிலம், அதுக்கு அடுத்து மூணாவதா மெத்தியோனின்ற இன்னொண்ணு. பி.ஐ.3 கைனேஸ் (செல்ல வளரச் சொல்ற சிக்னல் என்சைம்) வந்து உக்காருற இடத்தோட அதே ஜாடை. அந்த வால மாத்தினா செல்ல கேன்சராக்குற பவர் போயிடுது. செல்லுக்குள்ள வளரச் சொல்லி சேதி கடத்துற ஏ.கே.டி. பாதையும் ராஸ்-மெக்-எர்க் பாதையும் நிக்காம ஓட, செல் பெருகிட்டே போகும். எலி நுரையீரலுக்குள்ள என்வ் ஜீனை மட்டும் அனுப்பியே கட்டி வர வெச்சிருக்காங்க. ஒட்டுறதுக்கு வெச்சிருக்கற புரோட்டீனே கட்டிய வளர்க்குதுன்றது ரொம்ப அபூர்வம், எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம் தான்.

ராயபுரம்_லேப்:
அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கோ. இந்த வைரஸ் செல்லுல ஒட்டுற இடம், அதாவது ரிசப்டர், ஹையல்-2ன்ற புரோட்டீன், அது உடம்புல நிறைய செல்லுல இருக்கு, ஆனா கட்டி நுரையீரல்ல மட்டும் தான். ஏன்னா வைரஸ் ஜீனை ஆன் பண்ற எல்.டி.ஆர்.ன்ற டி.என்.ஏ. சுவிட்சை போடுற புரோட்டீன்கள் நுரையீரல் செல்லுல தான் ஜாஸ்தி, முக்கியமா காத்துப்பை ஒட்டிக்காம பாத்துக்குற சர்ஃபாக்டன்ட்ட அங்க சுரக்குற டைப்-2 செல். அது பெருகினா தண்ணி சுரந்துட்டே இருக்கும், பின்னங்காலை தூக்கினா மூக்கு வழியா கொட்டும், அந்த தண்ணில இருக்கற வைரஸ் அடுத்த ஆட்டுக்கு போகுது. துரத்தி விட்ட மாதிரி மூச்சு வாங்கும், அதனால ஆஃப்ரிகான்ஸ் மொழில இந்த நோய்க்கு பேரு யாக்சீக்டே, துரத்தல் நோய்.

மாதவரம்_அக்கா:
ரத்த டெஸ்ட்ல ஆன்டிபாடி தேடியும் பிரயோஜனம் இல்ல. ஆட்டு ஜீனோமுக்குள்ளயே இதோட பழைய சொந்தக்கார வைரஸ்களோட ஜீன் சுமார் 27 காப்பி இருக்கு, அதுங்க கருவிலேயே வேலை செய்யுறதால உடம்பு இந்த வைரஸை எதிரியா பாக்குறதில்ல. அந்த 27-க்கும் வால்ல அந்த டைரோசின் ஜாடை கிடையாது, அதனால கட்டி வராது, பதிலுக்கு நஞ்சுக்கொடி வளர உதவுதுங்க.

புளியந்தோப்பு_தம்பி:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா, அண்ணா. அப்பாகிட்ட சொன்னேன், சில நுரையீரல் கல்லு மாதிரி கனமா சுருங்காம இருக்கும், டாக்டர் அதை ஒதுக்கிடுவார்னாரு. அது இதுவா?

மாதவரம்_அக்கா:
கைல தொட்டு சொல்ல முடியாதுப்பா, நிமோனியாவுலயும் அப்படி இறுகும். துண்டு வெட்டி மைக்ராஸ்கோப்ல பாக்கணும், வைரஸ் இருக்கான்னு பி.சி.ஆர். (அதோட ஜீனை பெருக்கிக் காட்டுற டெஸ்ட்) போடணும். இந்த வைரஸ் மனுஷனுக்கு கேன்சர் கொடுக்கும்னு நிரூபணம் ஆகல, அப்பாவ பயப்பட வேணாம்னு சொல்லு, ஆனா டாக்டர் ஒதுக்கினத திரும்ப எடுக்க வேணாம்.