மாயச் சுவருக்கு எப்படித் தீர்ப்பு சொல்கிறீர்கள்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில் கூடிப் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கற்பனை விளையாட்டு), ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தி, எதிரிகளையும் ஆடுபவன். உங்கள் யோசனை வேண்டும்.

எங்கள் குழுவின் மந்திரவாதிக்கு எந்தச் சண்டையிலும் சைலண்ட் இமேஜ் என்ற மாயத்தோற்ற மந்திரம்தான். எதிரிகள் முன்னால் ஒரு கல்சுவரை எழுப்பிவிடுவார். 15 அடி கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், சத்தம் வராது, கவனம் கலையாவிட்டால் 10 நிமிடம் வரை நிற்கும். ஓர் ஆக்‌ஷன் (தன் முறை வரும்போது செய்யும் முக்கியச் செயல்) செலவழித்து ஆராய்ந்தால் இன்வெஸ்டிகேஷன் செக், அதாவது பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு பகடை உருட்டல். தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதுவரை சரி.

அப்புறம்தான் தலைவலி. ஒரு கோப்ளின் (குட்டி அரக்கன்) விட்ட அம்பு சுவரை ஊடுருவிப் போகிறது. எய்தவனுக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு? அவன் "பொய்ச்சுவர்டா!" என்று கத்தினால் போதுமா, ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆக்‌ஷனை இழக்க வேண்டுமா? போதும் என்றால் மந்திரம் ஒரே சுற்றில் செத்தது. போதாது என்றால், அம்பு போனதைக் கண்ணால் பார்த்தும் சுவரை நம்பும் மடையர்களாக அவர்களை ஆட வேண்டியிருக்கிறது.

அதே கேள்வி நம் பக்கமும் உண்டு. பொய்ச்சுவர் என்று மந்திரவாதி சொல்லிவிட்டார் என்பதற்காகவே கூட்டாளிகள் சுவர் வழியே பார்த்துக் குறிவைக்கலாமா? என் மேசையில் இதற்குத்தான் பெரிய வாக்குவாதம்.

நிஜக் கல்சுவரை எழுப்பும் மந்திரமும் அந்த உலகில் இருப்பதால், காரணமில்லாமல் எதிரி சந்தேகப்படக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் எனக்கு உண்மை தெரியுமே! அது என் முடிவுகளில் கசியாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? முன்கூட்டியே பகடை உருட்டி வைப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?