பிள்ளைக்குத் தனிச் சமையல்: தேவையா, வீண் வேலையா?

மணத்தக்காளி:
எங்கள் அடுக்குமாடிக் குழுவில் "குழந்தைகளுக்கான 30 நாள் ஆரோக்கிய மெனு" என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. திங்கள் பீட்ரூட் பான்கேக், செவ்வாய் கினோவா கட்லெட், புதன் கரடி முகம் வைத்த இட்லி. கரடிக்குக் கண்ணுக்கு மிளகு, காதுக்குக் காரட் வில்லை. காலை ஆறரை மணிக்கு இதை யார் செய்வது?

என் கட்சி இதுதான்: வீட்டுக்கு ஒரே சமையல். காரம் விழுவதற்கு முன்னால் பிள்ளையின் பங்கை எடுத்து வைத்தால் போதும். துவரம்பருப்பைக் குக்கரில் வைக்கும்போதே மஞ்சள்தூளும் நாலு பல் பூண்டும் போட்டுவிடுங்கள். வெந்ததும் ஒரு கரண்டி தனியே எடுத்துச் சூடு சாதத்தில் விட்டு, நெய்யில் சீரகம் தாளித்துப் பிசைந்தால் பிள்ளைக்கு ஆயிற்று. மிச்சத்தில் புளியும் பொடியும் விழுந்தால் நமக்குச் சாம்பார். மீன் வாங்கிய அன்று இரண்டு துண்டுக்கு மட்டும் மிளகாய்த்தூள் இல்லாமல் மஞ்சளும் உப்பும் கொஞ்சம் மிளகும் தடவிக் கல்லில் போடுங்கள். தனி மெனு பழக்கிய பிள்ளை, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து "எனக்கு நூடுல்ஸ்" என்று கேட்கும். நானே பார்த்திருக்கிறேன்.

ஷிஃப்ட் அப்பா:
அக்கா, வீட்டுத் தட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. டிபன் பாக்ஸுக்கு? காலை ஏழு மணிக்குக் கட்டிய பருப்பு சாதம் மதியம் டப்பா வடிவத்திலேயே கெட்டியாக நிற்கும். என் மகள் ஒன்றாம் வகுப்பு. கை கழுவ ஒரு வரிசை, மூடி திறக்க மிஸ்ஸிடம் ஒரு வரிசை, அப்புறம் தோழிகளோடு கதை. மிஞ்சும் பத்து நிமிடத்தில் ஸ்பூனால் குத்திக் குத்தி எடுத்தா சாப்பிடுவாள்? எவ்வளவு சத்தான சோறும் அப்படியே திரும்பி வந்தால் கழுநீர்ப் பானைக்குத்தான்.

நான் அவளுக்கென்று தனியாகத்தான் செய்கிறேன். கையால் எடுத்து ஒரு வாயில் போடும் அளவில் இருக்க வேண்டும், ஆறினாலும் மெத்தென்று இருக்க வேண்டும், யூனிஃபார்மில் வழியக் கூடாது. இட்லி மாவில் துருவிய காரட்டும் வெங்காயமும் உருவிய முருங்கைக்கீரையும் போட்டுக் குழிப்பணியாரம். இல்லையென்றால் முட்டை தோசையைச் சுருட்டித் துண்டு போட்டது. தயிர் சாதம் கட்டும் நாளில் சாதத்தைச் சூட்டோடு குழைய மசித்து, பாலைத் தாராளமாக விட்டு, ஆறிய பிறகு தயிர் ஒரே ஒரு ஸ்பூன். மதியத்துக்குள் அதுவே தோய்ந்துவிடும், புளிப்பு ஏறாது. மேலே மாதுளை முத்து தூவினால் டப்பா காலி.

கொங்கு மருமகள்:
இரண்டு பேரும் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள்? காலையில் ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி, வேலை முடிந்தது. கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு மூன்றையும் முளைகட்டிக் காயவைத்து, பொட்டுக்கடலை, பாதாம், ஏலக்காய் எல்லாம் தனித்தனியாக வறுத்து மில்லில் கொடுத்து அரைத்தால் ஒரு மாதத்துக்கு ஓடும். எங்கள் அத்தை 21 சாமான் போடுவார்கள். கேழ்வரகில் பாலைவிட மூன்று மடங்கு கால்சியம் தெரியுமா? அதைக் குடித்துவிட்டுப் போன பிள்ளை மதியம் எதைக் கொறித்தாலும் நான் கண்டுகொள்வதில்லை.

ஊட்டச்சத்து படித்தவள்:
மூன்று மடங்கு என்பது எடைக்கு எடை போட்ட கணக்கு. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அதே அளவு பாலில் சுமார் 120. ஆனால் ஒரு டம்ளர் கஞ்சிக்கு எவ்வளவு மாவு கரைப்பீர்கள்? 20 கிராம் இருக்குமா? அதில் பாதி கேழ்வரகு என்றே வைத்தாலும் 35 மில்லிகிராம்தான். 150 மில்லி பால் குடித்தால் 180. கேழ்வரகில் உள்ள ஃபைடேட் என்ற வேதிப்பொருள் வேறு கால்சியத்தையும் இரும்பையும் உடம்பில் முழுதாகச் சேர விடாது. முளைகட்டினால் அது குறையும், அந்த விஷயத்தில் உங்கள் அத்தை கெட்டிக்காரர். கேழ்வரகின் பலன் வேண்டுமென்றால் அடையாக, புட்டாக, களியாகக் கொடுங்கள். அப்போதுதான் ஒரு வேளைக்கு 40, 50 கிராம் உள்ளே போகும்.

இன்னொன்று. ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு எடுத்த எடுப்பில் 21 சாமான் மாவைக் காய்ச்சிக் கொடுக்காதீர்கள். உடம்பில் தடிப்போ வாந்தியோ வந்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பொருளாக, நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டுப் பழக்க வேண்டும்.

கொங்கு மருமகள்:
மில்லிகிராம் பார்த்தா அந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்தார்கள்? கடையில் விற்கும் மால்ட் பவுடருக்கு என் மாவு எவ்வளவோ மேல். அந்த டின்னின் பின்பக்கத்தைத் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துவிட்டு வாருங்கள். அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம்.

ஊட்டச்சத்து படித்தவள்:
மால்ட் பவுடருக்கு நான் எங்கே வக்காலத்து வாங்கினேன்? அந்த மாதிரி பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. உங்கள் மாவு அதைவிட நல்லதுதான். ஆனால் கஞ்சி குடித்துவிட்டது என்பதற்காக மதியச் சாப்பாட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை. பாலுக்கும் இதே பேச்சுதான். நாளுக்கு நாலு டம்ளர் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றுக்கு எங்கே பசிக்கும்? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறு நிறைந்தும் ரத்தசோகை வருவது இப்படித்தான்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றி வரும், கூடவே காய் போட்ட சாம்பார். "வீட்டில் உப்புமாவைக் கண்டாலே ஓடுவான் டீச்சர்" என்று அம்மா புலம்பும் பையன், இங்கே வரிசையில் உட்கார்ந்து இரண்டாவது தடவை தட்டை நீட்டுகிறான். பக்கத்தில் இருக்கும் பையன் சாப்பிடுகிறான், அதனால் இவனும் சாப்பிடுகிறான். கையில் போன் கிடையாது, "இன்னும் ஒரே வாய்" என்று கெஞ்ச ஆளும் கிடையாது. காயை ஒதுக்குகிறவர்களும் உண்டு. ஒதுக்கட்டும், மறுநாளும் காய் வரும். என் ஓட்டு மணத்தக்காளி அக்காவுக்கு.

ஷிஃப்ட் அப்பா:
டீச்சர், அங்கே எல்லார் தட்டிலும் ஒரே உப்புமா, அதுவும் சுடச்சுட. என் மகள் பள்ளியில் ஆளுக்கொரு டப்பா. ஒருத்தியிடம் கிரீம் பிஸ்கட், இன்னொருத்தியிடம் பொரித்த நக்கெட்ஸ். அந்த நடுவில் ஆறிப்போன கூட்டு சாதத்தைத் திறந்து வைக்க ஒரு குழந்தைக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்? இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

மணத்தக்காளி:
அப்படியானால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பிஸ்கட்டும் பொரித்ததும் டப்பாவில் வேண்டாம் என்று பேசுங்கள் தம்பி. அதை விட்டுவிட்டு விடிகாலையில் பணியாரக் கல்லோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். போகட்டும், நீங்கள் சொன்ன பணியாரமும் முட்டை தோசையும் வீட்டு மாவில் சுட்டதுதானே? இதில் தனிச் சமையல் எங்கே வந்தது?

ஷிஃப்ட் அப்பா:
மாவு வீட்டுக்குப் பொது, வேலை அவளுக்கு மட்டும். நாங்கள் அன்று முந்தின நாள் குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுகிறோம், பணியாரம் திருப்பிப் போடுவது அவளுக்காகத்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அதைச் செய்கிறவனுக்கு அது தனிச் சமையல் இல்லை என்று சொன்னால் கோபம் வருமா வராதா?

சண்டை இருக்கட்டும். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் பசி பசி என்று பறக்கிறாளே, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள். முறுக்கு டின் தீர்ந்துகொண்டே வருகிறது.

ஊட்டச்சத்து படித்தவள்:
சுண்டல். கறுப்புக் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து, நன்றாகக் குழைய வேகவைத்து, தேங்காய்த் துருவலோடு தாளியுங்கள். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்தால் கடலையில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி குறைந்துவிடும். வீட்டில் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் கடலையை மசித்துத்தான் கொடுக்க வேண்டும். முழு வேர்க்கடலை கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஷிஃப்ட் அப்பா:
ஊறவைக்க மறந்த நாளில்?

மணத்தக்காளி:
பச்சைப்பயறு. வெறும் வாணலியில் லேசாக வறுத்துக் குக்கரில் போட்டால் ஊறவைக்காமலே வெந்துவிடும். அதுவும் இல்லையென்றால் கெட்டி அவலைக் கழுவி வடித்து ஐந்து நிமிடம் வைத்து, தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். வாழைப்பழம் இருந்தால் சர்க்கரைகூட வேண்டாம். ஆனால் அவளுக்கு மட்டும் ஒரு கிண்ணம் என்று செய்யாதீர்கள் தம்பி, வீட்டுக்கே செய்யுங்கள்.

கொங்கு மருமகள்:
முறுக்கு டின்னை யாரும் குறை சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். கேழ்வரகு முறுக்கு சுட்டால் ஒரு பிடி அனுப்பட்டுமா?