புதுப்பிப்பு: மூன்று கருவி, நான்கு சர்வர், கீ சிக்கல் தீர்ந்தது

மடிக்கணினி, மேசைக் கணினி, கைப்பேசி மூன்றிலும் ஒரே எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) பிரைவேட் கீயை, அதாவது ரகசியச் சாவியை, காப்பி செய்து நான்கு சர்வர்களுக்குள் நுழைகிறேன், வேறு நல்ல வழி உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு கருவிக்கும் தனி இடி25519 வகைக் கீ, அதற்கொரு பாஸ்ஃபிரேஸ் (கீயைத் திறக்கும் கடவுச்சொல்), சர்வரில் அதன் ஜோடியான, ரகசியமில்லாத பப்ளிக் கீ மட்டும். சர்வரில் உள்ள ஒவ்வொரு கீ வரியின் கடைசியிலும் கருவியின் பெயரைக் கமெண்டாக எழுதி வைத்தது எவ்வளவு உதவி என்று போன வாரம்தான் தெரிந்தது: கைப்பேசி தொலைந்துபோனது, அதன் பெயரில் முடியும் வரியை நான்கு சர்வர்களிலும் அழித்தேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மற்ற இரண்டு கருவிகளும் வழக்கம்போல நுழைந்தன.

முகவரி, பயனர் பெயர், போர்ட் எல்லாம் எஸ்எஸ்ஹெச்சின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் சுருக்கப் பெயரோடு இருக்கின்றன. அதில் ரகசியம் எதுவும் இல்லை, அதனால் தனிப்பட்ட கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள்) களஞ்சியத்தில் வைத்து எல்லாக் கருவியிலும் இறக்கிக்கொள்கிறேன், கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியிலும் அதே கோப்புதான். அப்புறம், இன்னொரு சர்வர் வழியாகப் போக ஏஜென்ட் ஃபார்வர்டிங் (கீயை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட் நிரலை அந்தச் சர்வரும் பயன்படுத்த விடுவது) வேண்டாம், நடுவில் இருக்கும் சர்வரின் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) நம் ஏஜென்ட்டைப் பயன்படுத்திவிட முடியும், அதற்குப் பதிலாக ஓப்பன்எஸ்எஸ்ஹெச் (பரவலான எஸ்எஸ்ஹெச் மென்பொருள்) 7.3 முதலே புராக்ஸிஜம்ப் என்ற அமைப்பு இருக்கிறது, கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி போதும். பழைய கீயை அழிக்கும் முன் இன்னொரு டெர்மினலில் புதிய கீயால் நுழைந்து பார்த்துவிடுங்கள், அதுவரை திறந்திருக்கும் செஷனை மூட வேண்டாம்.