அம்மாவுக்கு ஈஸ்ட் கொடுத்ததிலிருந்து வயிற்று உப்புசம், உடனே பதில் வேண்டும்

கோத்தகிரி மகள்:
அம்மாவுக்கு உதட்டோரம் வெடிப்பு, நாக்கு சிவந்து எரிகிறது. பி வைட்டமின் குறைவு, ஈஸ்ட் கொடு என்றார்கள். ஐந்து நாளாகக் கொடுக்கிறேன். புண் ஆறவில்லை, வயிறுதான் உப்பிவிட்டது. ராத்திரி தூக்கமே இல்லை. நிறுத்தலாமா?

குன்னூர்க்காரன்:
எந்த ஈஸ்ட்? மாத்திரையா, பொடியா? எவ்வளவு, எதில் கலந்து? வயது என்ன, வேறு மருந்து உண்டா?

சீரகத் தண்ணி:
மலைக் குளிரில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, அதுதான் காரணம். சீரகம் போட்ட வெந்நீர் கொடுங்கள். எங்கள் வீட்டில் எந்த வயிற்றுக் கோளாறுக்கும் அதுதான்.

நுண்ணுயிரி:
எத்தனை இழையில்தான் இதையே எழுதுவது? வாங்கும்போதே பாக்கெட்டைப் படிக்க வேண்டும். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டைச் சூடாக்கி உயிர் போக்கி உலர்த்தினால் ப்ரூவர்ஸ் ஈஸ்ட். கசக்கும். 100 கிராமில் 40 கிராமுக்கு மேல் புரதம். பி1, பி2, நயாசின், ஃபோலேட் என்ற பி வைட்டமின்களும் குரோமியமும் உண்டு. சத்துக்குக் கொடுப்பது இதுதான், பேக்கரி ஈஸ்ட் வேறு.

லவ்டேல் டீச்சர்:
அவசரத்தில் கேட்பவரிடம் இப்படிப் பேச வேண்டாமே. ஈஸ்ட் நல்ல பொருள்தான். 1931-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்த சோகை ஈஸ்ட் சாரத்தால் தீர்வதைக் காட்டினார். அதிலிருந்த சத்து ஃபோலேட் என்று பிறகுதான் தெரிந்தது. மகளே, கலக்கும்போது நுரைக்கிறதா?

கோத்தகிரி மகள்:
ஆமாம் டீச்சர். வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையோடு ஒரு ஸ்பூன். அம்மா மெதுவாகத்தான் குடிப்பார், அதற்குள் நுரை டம்ளர் விளிம்புக்கு வந்துவிடும். பேக்கரிச் சாமான் கடையில் வாங்கியது.

லவ்டேல் டீச்சர்:
அப்படியானால் அது உயிரோடு இருக்கும் ரொட்டி ஈஸ்ட். வயிற்றுக்குள்ளும் காற்றைக் கிளப்பும். பி1-ஐ நமக்கு விடாமல் தானே வைத்துக்கொள்ளும். இன்றே நிறுத்துங்கள்.

ஊட்டி பேக்கரி:
கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, ஈஸ்ட் என்று கேட்டால் எங்கள் ஊரில் வர்க்கி பிஸ்கட் போடத்தான் என்று எடுத்துக் கொடுப்பார்கள்.

மாவா பரம்பரை:
நல்ல வர்க்கிக்குப் பாக்கெட் ஈஸ்ட் எதற்கு? மாவா என்ற மாவுக் கலவையைப் புளிக்க வைத்துப் போடுவதுதான் முறை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது.

ஊட்டி பேக்கரி:
டிசம்பர் பனியில் மாவா எழும்பக் காத்திருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

குன்னூர்க்காரன்:
வர்க்கிக்குத் தனி இழை போடுங்கள். மருந்து பற்றிக் கேட்டேனே?

கோத்தகிரி மகள்:
வயது 61. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், எட்டு வருஷமாக. வீட்டில் சைவம்.

குன்னூர்க்காரன்:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மெட்ஃபார்மின் நெடுநாள் எடுத்தால் பி12 குறையலாம். சைவ உணவிலும் அது குறைவு. பி12 குறைந்தாலும் நாக்கு இப்படி எரியும். கை காலில் மரமரப்பு உண்டா? டாக்டரிடம் பி12 அளவு பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பசுமை வாசகி:
சரியான ஈஸ்ட் வாங்கினால் பி12-ம் கிடைக்குமே. என் டப்பாவில் எழுதியிருக்கிறது.

நுண்ணுயிரி:
அது தயாரிப்பவர் சேர்த்தது. ஈஸ்டில் இயல்பாக பி12 கிடையாது. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் சர்க்கரையையும் சற்று இறக்கலாம். மாத்திரை எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. யூரிக் அமிலத் தொல்லை இருந்தாலும் ஆகாது. கோபமாக எழுதியதற்கு மன்னிக்கவும், அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி மகள்:
உப்புசம் இறங்கிவிட்டது. பாதத்தில் மரமரப்பு ஒரு வருஷமாக இருக்கிறதாம், எங்களிடம் சொல்லவே இல்லை. காலையில் ரத்தம் கொடுத்து வந்தோம். நன்றி.