நியூயார்க் ஏன் நம்மை நோக்கி ஓடி வருவதில்லை?

கேள்வி: நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 7 மணி நேரம், திரும்பி வர 8. பூமியோ கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. மேற்கே பறந்தால் நியூயார்க் அல்லவா எதிர்கொண்டு வர வேண்டும்? கணக்கு தலைகீழாக இருக்கிறதே!

பதில்: ஓடுபாதையில் நிற்கும் விமானமும் பூமியோடுதான் சுழல்கிறது ஐயா, காற்றும் அப்படியே. மேலெழுந்ததும் அந்த வேகம் கழன்று விழாது. ஓடும் ரயிலுக்குள் குதித்துப் பாருங்கள், குதித்த இடத்திலேயே இறங்குவீர்கள். வித்தியாசம் ஜெட் ஸ்ட்ரீமால் வருவது: சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் காற்று. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் அதன் தயவில் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடங்களில் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் சேர்ந்தது.

மற்றொரு பதில்: பூமியை முழுதாக விடுவித்துவிடாதீர்கள். துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்புவதே சுழற்சிதான்.

கேட்டவர்: மேற்கே போகிறவர்கள் பாவம்!

பதில்: அட்லாண்டிக் வழித்தடங்களைத் தினமும் காற்றைப் பார்த்தே வகுக்கிறார்கள்; எதிர்க்காற்று குறைந்த பக்கமாக ஒதுங்கிப் போவார்கள்.