லண்டன் ரைமிங் ஸ்லாங்: உங்கள் காதில் விழுந்ததைச் சொல்லுங்கள்

வயர்மேன்:

வணக்கம் நண்பர்களே. கிழக்கு லண்டன் பக்கம் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர், டாகன்ஹாமில் பிறந்து வளர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். அண்மையில் ஒரு வீட்டில் மாடிக்குப் புதுக் கார்ப்பெட் விரித்திருந்தார்கள். நான் ட்ரில் பெட்டியோடு ஏறப்போகும்போது கீழேயிருந்து குரல் வந்தது: "டெய்சீஸ் ஆஃப் பிஃபோர் யூ கோ அப் தி ஆப்பிள்ஸ், சன்."

பூவும் பழமும் காதில் விழுந்ததே தவிர விஷயம் புரியவில்லை. அவர் கண் என் காலில் இருந்ததால் பூட்ஸைக் கழற்றினேன். மதியம் சாண்ட்விச் சாப்பிடும் நேரத்தில், ஸ்விட்ச் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மார்க்கரால் எழுதிக் காட்டினார். டெய்சி ரூட்ஸ் என்றால் பூட்ஸ். ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ் என்றால் ஸ்டேர்ஸ், அதாவது படிக்கட்டு. எழுதி முடித்ததும் 'ரூட்ஸ்' மேலும் 'அண்ட் பேர்ஸ்' மேலும் அழுத்தமாக ஒரு கோடு போட்டு அடித்தார். அவ்வளவுதான் சூத்திரம் என்றார்.

ரைமிங் ஸ்லாங் என்ற இந்தப் பேச்சுக்கு அந்தக் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. சொல்ல வந்த சொல்லோடு ஒலியில் ஒத்து முடியும் ஒரு தொடரைப் பிடிக்கிறார்கள். அப்புறம் ஒலி ஒத்துப்போகும் அந்தக் கடைசிச் சொல்லையே விழுங்கிவிடுகிறார்கள். வாயில் மிஞ்சுவது சொல்ல வந்த பொருளோடு ஓசையிலும் அர்த்தத்திலும் சேராத ஒரு சொல். லுக் என்பதற்கு புட்சர்ஸ் ஹுக், அதனால் "லெட்ஸ் ஹேவ் எ புட்சர்ஸ்" என்றால் 'பார்ப்போம் காட்டு'. மேட் என்பதற்கு சைனா பிளேட், அதனால் நண்பனை "மை ஓல்ட் சைனா" என்பார்கள். கோட்டு சூட்டுக்கு விசில் அண்ட் ஃப்ளூட், அதில் விசில் மட்டும் நிற்கும். டாக் அண்ட் போன் மாதிரி சிலவற்றை முழுசாகவே சொல்வதும் உண்டு, அது டெலிபோன்.

அகராதியில் 'ஆப்பிள்' பார்த்தால் படிக்கட்டு வராது, ஆளைக் கேட்டால்தான் வரும். எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வேலையிடத்திலோ கடையிலோ உங்களுக்கு இது எப்படி வந்து சேர்ந்தது, எழுதுங்களேன்.

நல்லூராள்:

தம்பி, நல்ல விசயம் தொடக்கியிருக்கிறீங்கள். நான் இங்க ஆஸ்பத்திரியில நேர்ஸ். வயசான ஆக்கள் இருக்கிற வாட். எங்களுக்கு இந்தப் பேச்சு விளங்கவேணும், ஏனெண்டால் நோவை இந்தப் பேச்சிலதான் சொல்லுவினம்.

ஒரு ஐயா புதுசா வந்தவர். நான் இரத்த அழுத்தம் பார்க்கேக்க என்ன கேட்டாலும் சிரிச்சுக்கொண்டே தலையாட்டினார். பிறகு காதைத் தொட்டு "ஐ'ம் மட்டன், லவ்" எண்டார். மத்தியானச் சாப்பாட்டுக் கதை எண்டுதான் யாரும் நினைப்பினம். பக்கத்துக் கட்டில் அம்மா உடனே சொன்னா, "ஹீ மீன்ஸ் மட் அண்ட் ஜெஃப்" எண்டு. மட் அண்ட் ஜெஃப் எண்டது 1907இல் தொடங்கின அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரக்கதையின்ர சோடி. ஜெஃப் எண்டதுக்கு டெஃப், அதாவது காது கேளாது. 'மட் அண்ட்' எண்டதை வேகமாச் சொல்ல அது மட்டன் ஆகிப்போச்சுது. அவரின்ர லாச்சியைத் திறந்து பார்த்தால் காதுக் கருவி கிடக்குது, பட்டறி செத்துப்போய். பட்டறி மாத்தினாப் பிறகு மனுசன் வாய் ஓயாமல் கதைச்சவர். அந்தக் கதைக்கிறதுக்கும் ஒரு சொல் இருக்கு, ரபிட் அண்ட் போர்க், அதாவது டோக். ஆரும் கனக்கக் கதைச்சால் "ரபிட்டிங் ஆன்" எண்டு இங்க எல்லாரும்தான் சொல்லுவினம், அதின்ர வேர் தெரியாமலே.

புதுசா வாற எங்கட பிள்ளையளுக்கு நான் முதல் சொல்லிக் குடுக்கிறது உடம்புச் சொல்லுகள்தான். பிளேட்ஸ் ஒஃப் மீட், அது ஃபீட், கால். "மை பிளேட்ஸ் ஆர் கில்லிங் மீ" எண்டால் பாதம் நோகுது, உடனே பாதத்தைப் பாருங்கோ, சலரோகம் உள்ள ஆளெண்டால் விரல் இடுக்கும் பாருங்கோ. மின்ஸ் பைஸ் எண்டால் கண். நோர்த் அண்ட் சவுத் எண்டால் வாய், மவுத். போட் ரேஸ் எண்டால் முகம். லோஃப் எண்டால் தலை: லோஃப் ஒஃப் பிரெட், ஹெட். குறிப்பில எழுதேக்க ஆள் சொன்னதை அப்பிடியே எழுதி, பக்கத்தில என்ன உறுப்பு எண்டும் எழுதவேணும். அடுத்த ஷிஃப்டுக்கு வாற பிள்ளை மணிலாவிலயிருந்தோ கொச்சினிலயிருந்தோ வந்திருக்கும், 'பிளேட்' எண்டால் என்னெண்டு விளங்கும் அதுக்கு?

ஒலிக்காரன்:

பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். நல்லூராள் அக்கா சொன்ன 'போர்க்', 'டோக்' இரண்டையும் நம் ஊரில் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். போர்க். டாக். ஒத்து வருகிறதா? வராது. நாம் எழுத்தில் ஆர் இருந்தால் அதை உருட்டியே தீருவோம். லண்டன்காரர் உயிரெழுத்துக்குப் பின்னால், அடுத்து உயிர் வராத இடத்தில், ஆரை ஒலிப்பதே இல்லை. அவருக்கு 'போக்', 'டோக்'. அச்சு அசலாக ஒரே ஓசை.

ரைமிங் ஸ்லாங்கில் பாதிக்கு மேல் நமக்குப் பிடிபடாமல் போவதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. சொல்வளம் எவ்வளவு இருந்தாலும் இங்கே உதவாது, காது பழக வேண்டும். பத்து பவுண்டு நோட்டை டென்னர் என்பார்கள், அதற்கு இணை அயர்ட்டன் சென்னா, பிரேசில் கார்ப்பந்தய வீரர். நமக்கு சென்னா, டென்னர். அவர்களுக்கு சென்னா, டென்னா. ஐந்து பவுண்டு ஃபைவர், அதற்கு லேடி கொடைவா, கவென்ட்ரியில் குதிரையேறிப் போன கதையின் சீமாட்டி. கொடைவா, ஃபைவா. பசிக்கிறது என்பதற்கு ஹேங்க் மார்வின், தி ஷேடோஸ் குழுவின் கிட்டார் கலைஞர். ஸ்டார்விங் என்று கடைசி எழுத்துவரை ஒழுங்காகச் சொன்னால் ஒட்டாது. ஸ்டாவின், மாவின் என்று சொன்னால் ஒட்டும். பின்புறத்தை ஆர்ஸ் என்பார்கள், அதற்கு கைபர் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆப்கன் எல்லையில் சண்டைக்குப் போன பேரரசு, அந்தக் கணவாயின் பெயரைத் தெருவரைக்கும் கொண்டுவந்திருக்கிறது. அங்கேயும் ஆர் ஒலிக்காததால்தான் ஓசை பொருந்துகிறது.

இன்னொன்று. நமக்குச் செய்யுளில் எதுகை என்றால் அடிகளின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து, மோனை என்றால் முதல் எழுத்து. நம் காது சொல்லின் முன்பக்கத்தில் ஒற்றுமையைத் தேடிப் பழகியது. ஆங்கிலத்தில் ரைம் என்பது சொல்லின் வால் பக்கம், நம் இலக்கணத்தில் இயைபு என்பதற்கு நெருக்கமானது. அதிலும் எழுத்தைப் பார்த்தால் ஏமாற்றிவிடும். காஃப், தோ, த்ரூ, டஃப், பவ் என்ற ஐந்தும் எழுத்தில் ough என்ற ஒரே வாலோடு இருக்கும், ஒன்றுகூட ஒன்றோடு ஒலியில் சேராது. பேர்ஸ், ஸ்டேர்ஸ் இரண்டும் எழுத்தில் வேறு வேறு, ஒலியில் ஒன்றே. மாணவர்களுக்கு ரைம் சொல்லிக் கொடுக்கும்போது நான் பலகையில் எழுதுவதில்லை. முதலில் கண்ணை மூடிக் கேட்கச் சொல்வேன்.

கறிவேப்பிலை:

ஈஸ்ட் ஹாமில் ஓட்டல் சமையலில் இருக்கிறேன். ராத்திரி பப் முடிந்து வரும் ஆட்கள் "வீ'வ் கம் ஃபார் எ ரூபி" என்பார்கள். ரூபி முர்ரே என்பவர் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த பாடகி. 1955இல் ஒரே வாரத்தில் முதல் இருபது பாட்டில் ஐந்து அவருடையது. முர்ரே, கறி. அவ்வளவுதான் உறவு. அந்த அம்மா கறி சமைத்தாரா என்று எங்கள் பையன் ஒருவன் கேட்டான், சம்பந்தமே இல்லை. நம்முடைய சொல் ஒன்று இங்கிலீஷ்காரன் விளையாட்டுக்குள் போய் இப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருமைதான்.

2009இல் கிழக்கு லண்டனில் சில பணம் எடுக்கும் மெஷின்களில் அந்தப் பகுதிக்காரர்களின் காக்னி பேச்சையும் ஒரு மொழித் தேர்வாக வைத்தார்கள். பணம் சாசேஜ் அண்ட் மாஷ், கேஷ். ரகசிய எண் ஹக்கிள்பெரி ஃபின், பின். மக்கள் வரிசையில் நின்று போட்டோ எடுத்தார்கள்.

சிட்னி சாரல்:

ஆஸ்திரேலியாவிலும் இது உண்டு. முதியோர் இல்லத்தில் வேலை. கையில் மீட் பை என்ற இறைச்சிப் பண்டத்தை வைத்துக்கொண்டு தாத்தா ஒருவர் "டெட் ஹார்ஸ்" கேட்டார், செத்த குதிரை. தக்காளி சாஸ். ஹார்ஸ், சாஸ், இங்கேயும் ஆர் ஒலிப்பதில்லை, ஒலிக்காரன் சார் சொன்னது சரிதான். அந்த மீட் பை என்பதற்கு டாக்ஸ் ஐ. பார்ப்பதற்கு கேப்டன் குக்.

தேனாம்பேட்டை:

சென்னையில் இருந்தபடியே படிக்கிறேன். கால் சென்டரில் பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலை. "ஆர் யூ டெல்லிங் மீ போர்க்கீஸ்?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் டீம் லீடர் அக்காவுக்குத் தெரிந்திருந்தது: போர்க் பைஸ், லைஸ், பொய். கோபமாக இல்லை, விளையாட்டாகத்தான் கேட்டார் என்று அவர்தான் விளக்கினார். இதைத் திருப்பி நாமும் பயன்படுத்தலாமா வயர்மேன் அண்ணா?

வயர்மேன்:

தம்பி, புரிந்துகொள்ள எல்லாவற்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வாயில் எடுப்பது வேறு. போர்க்கீஸ், யூஸ் யுவர் லோஃப் போன்றவை பிரிட்டன் முழுக்கப் பரவிவிட்டன, பழகின ஆளிடம் சொல்லலாம். போனில் முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் பொய் சொல்கிறீர்களா என்று எந்தச் சொல்லில் கேட்டாலும் தப்புதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலுக்குச் சாதுவாகத் தெரியும் சில சொற்களுக்கு விழுங்கப்பட்ட பாதி படுமோசம். கோப்ளர்ஸ் என்றால் 'சுத்தப் பேத்தல்' என்று எல்லாரும் சொல்வார்கள். கோப்ளர்ஸ் ஆல்ஸ், செருப்புத் தைப்பவரின் ஊசி, அது எந்த உறுப்போடு ஓசை ஒத்துப்போகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதட்டைப் பிதுக்கி ஓசை எழுப்புவதை ராஸ்பெரி என்கிறார்களே, அது ராஸ்பெரி டார்ட்டின் மிச்சம்.

எங்கிருந்து வந்தது என்று எங்கள் பெரியவரிடம் கேட்டால் திருடர்கள் போலீஸுக்குத் தெரியாமல் பேசியது என்பார். லண்டனில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஜான் கேம்டன் ஹாட்டன் 1859இல் வெளியிட்ட ஸ்லாங் அகராதியில், இது பன்னிரண்டு பதினைந்து வருஷங்களுக்கு முன்தான் வந்தது என்று எழுதியிருக்கிறார். அவர் கைகாட்டுவது தெருவில் பாட்டு நோட்டீஸ் விற்றவர்களையும் கூவி வியாபாரம் செய்தவர்களையும். எனக்கு அதுவே பொருத்தமாகத் தெரிகிறது. நாள் முழுக்கப் பாட்டும் கூவலுமாகத் தொண்டையில் பிழைத்தவர்களுக்கு ஓசை ஒத்துப்போகும் சொல் தானாக வரும். வாடிக்கையாளர் எதிரிலேயே பக்கத்துக் கடைக்காரனிடம் ரகசியம் பேசவும் வசதி.

காக்னி என்றால் போ மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவர் என்பது மரபு. போ என்ற பெயரில் ஒரு பேட்டை இருப்பதால் பலர் அங்கே தேடுகிறார்கள். அந்த மணி சீப்சைடில் உள்ள செயின்ட் மேரி லெ போ தேவாலயத்து மணி. 1941 மே மாதக் குண்டுவீச்சில் அது நாசமாகி, 1961இல்தான் மறுபடி ஒலித்தது. இடைப்பட்ட வருஷங்களில் பிறந்த குழந்தைகளைக் காக்னி இல்லை என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. எங்கள் பெரியவர் மணியோசைக்கு எட்டாத டாகன்ஹாம்காரர்தான். 1921 முதல் லண்டன் கவுண்டி கவுன்சில் அங்கே பீகன்ட்ரீ குடியிருப்பைக் கட்டி, ஈஸ்ட் எண்ட் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தது. பேச்சும் அவர்களோடு போனது. இன்று இதைக் கேட்க வேண்டுமென்றால் எசெக்ஸ் பக்கம், ராம்ஃபர்ட், பேசில்டன் போங்கள்.

புதுவரவு:

அண்ணா, ராம்ஃபர்ட் பக்கம் பழைய கார் விற்கும் இடத்தில் வேலைக்குச் சேர்கிறேன். கார் ஜாம் ஜார் என்று கற்றுக்கொண்டேன். நேற்று ஒருத்தர் 'போனி' என்றார், இன்னொருத்தரும் 'போனி' என்றார், இரண்டும் ஒன்றா?

வயர்மேன்:

இரண்டும் வேறு. "எ போனி" என்று விலையாகச் சொன்னால் 25 பவுண்டு. அது ரைமிங் ஸ்லாங் இல்லை, பந்தயக்காரர் பேச்சு. அதே வழியில் மங்கி என்றால் 500. "தட் மோட்டர்ஸ் எ பிட் போனி" என்றால் போனி அண்ட் ட்ராப், வண்டி குப்பை. அதை விழுங்கின பாதி என்னவென்று வாடிக்கையாளர் முன்னால் கேட்டுவிடாதீர்கள், தனியாகக் கேளுங்கள். பேரம் நடக்கும்போது காதில் விழுந்தால் அதற்கு முன் 'பிட்' வருகிறதா என்று கவனியுங்கள். 'பிட்' வந்தால் வண்டியைப் பற்றிய பேச்சு, பணத்தைப் பற்றியதல்ல.